ஆட்டம் கோணலா, கூடம் கோணலா?

கம்பைல் செய்யும்போது கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் என்ன செய்வது?



"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். ஆடல்வல்லான் ஆடும் சிதம்பரத்தில் டிப்ளமோ படிக்கும் நமக்கு இந்தப் பழமொழியை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. லேபில் எல்.ஈ.டி. எரியவில்லை என்றால் புரோகிராமைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் "சார், சிஸ்டம் சரியில்ல சார்" என்று கை தூக்கும் நண்பர்கள் எல்லா வகுப்பிலும் உண்டு.

ஆனால் சில சமயம் கூடமே உண்மையிலேயே கோணலாக இருந்துவிடுகிறதே, அப்போது என்ன செய்வது? மைக்ரோகன்ட்ரோலர் புரோகிராமைக் கம்பைல் கொடுத்தவுடன் திரை உறைந்து போகிறது. நீலத் திரை வருகிறது. அல்லது பொசுக்கென்று அணைந்து, தானாக மறுபடி பூட் ஆகிறது. பழி மட்டும் மாணவன் தலையில்தான் விழுகிறது. "நீ என்னத்த எழுதி வச்ச? உன் புரோகிராம்தான் சிஸ்டத்தக் கெடுக்குது!" எது யார் குற்றம் என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கம்பைல் என்றால் என்ன நடக்கிறது?

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிடுவோம். நாம் எழுதும் சி புரோகிராம் நம் கம்ப்யூட்டரில் ஓடுவதில்லை. அது 8051-இலோ, ஆர்டுயினோ போர்டில் உள்ள சிப்பிலோ போய்த்தான் ஓடப்போகிறது. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அது வெறும் எழுத்து. கம்பைலர் அதைப் படித்து, இன்னொரு மொழிக்கு மாற்றி, ஹெக்ஸ் ஃபைலாகக் கொடுக்கிறது, அவ்வளவே. "வீட்டைக் கொளுத்து" என்று எழுதிய கடிதத்தை மொழிபெயர்ப்பவர் வீடு தீப்பிடிக்குமா? அதுபோல, நீங்கள் 'வொயில் 1' போட்டு முடிவில்லாத லூப் எழுதினாலும் கம்பைல் செய்யும் கம்ப்யூட்டர் அதில் சுற்றிக்கொண்டு நிற்காது.

தவிரவும், இன்றைய விண்டோஸும் லினக்ஸும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனித்தனி மெமரி இடத்தை ஒதுக்கி, நடுவே சுவர் எழுப்பி வைத்திருக்கின்றன. கம்பைலர் என்ற ஒரு புரோகிராம் செத்தாலும், பக்கத்து வீடுகள் நிற்க வேண்டும். முழு சிஸ்டமும் சேர்ந்து விழுகிறதென்றால், சந்தேகப்பட வேண்டியது டிரைவரையும் ஹார்டுவேரையும்தான்.

இதற்குச் சில விலக்குகள் உண்டு. ஒரு ஹெடர் ஃபைல் தன்னையே திரும்பத் திரும்ப இன்க்ளூட் செய்துகொண்டால் கம்பைலர் திணறும். ஜிசிசி போன்ற கம்பைலர்கள் 200 அடுக்கு வரை போய்ப் பார்த்துவிட்டு எரர் கொடுத்து நின்றுவிடும். ராட்சத அளவு அர்ரே கொடுத்தால் மெமரி நிரம்பி சிஸ்டம் மந்தமாகலாம். கம்பைல் முடிந்து சிமுலேட்டரில் ஓடவிடும்போது மட்டும், நம் லூப் நிஜமாகவே கம்ப்யூட்டரின் நேரத்தைத் தின்னும். இவை எல்லாவற்றுக்கும் ஒரு பொது அடையாளம் இருக்கிறது. எத்தனை முறை செய்தாலும் ஒரே மாதிரிதான் நடக்கும்.

வேர்டு ஓடுகிறதே, சினிமா ஓடுகிறதே!

"சிஸ்டம் நல்லாத்தானே இருக்கு? காலையிலேர்ந்து படம் ஓடுது, ஒண்ணும் ஆகல. உன் புரோகிராம் போட்டாத்தான் போகுது" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பதில் தெரிந்திருக்க வேண்டும்.

படம் ஓடும்போது மெமரியில் ஒரு பிட் தவறினால் என்ன ஆகும்? திரையில் ஒரு புள்ளியின் நிறம் ஒரு கணம் மாறும். யார் கண்ணிலும் படாது. கம்பைலர் கதை வேறு. அது நம் புரோகிராமை ஒரு மரம் போல மெமரியில் கட்டுகிறது. ஒவ்வொரு கிளையிலும் அடுத்த கிளையின் விலாசம் எழுதி வைத்திருக்கும். நமக்குத் தெரிந்த பாயின்டர்தான். அந்த விலாசத்தில் 20-ஆம் எண் பிட் 0-விலிருந்து 1 ஆகிவிட்டால் போதும், கம்பைலர் போக வேண்டிய இடத்திலிருந்து 10,48,576 பைட் தள்ளிப்போய் நிற்கும். முதுநகருக்கு டிக்கெட் எடுத்தவர் மயிலாடுதுறையில் இறங்கின கதை! அங்கே அதற்குச் சொந்தமான இடமே இல்லை என்றால் ஓ.எஸ். கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். அதைத்தான் 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்கிறோம்.

அடுத்தது உழைப்பு. 8051-க்கு நாம் எழுதும் இருபது வரி புரோகிராம் கண்மூடித் திறப்பதற்குள் கம்பைல் ஆகிவிடும். ஆனால் வைஃபை உள்ள ஈ.எஸ்.பி.32 போர்டுக்கு முதல் முறை கம்பைல் செய்து பாருங்கள். நாம் எழுதியது ஐம்பது வரிதான், ஆனால் கூடவே நூற்றுக்கணக்கான லைப்ரரி ஃபைல்களும் கம்பைல் ஆகும். பிராசசரின் எல்லா கோர்களும் ஒரே நேரத்தில் முழு மூச்சாக வேலை செய்யும். சூடு ஏறும், கரண்ட் அதிகம் இழுக்கும், மெமரி நிரம்பும், டிஸ்க்கில் சின்னச் சின்ன ஃபைல்களாக எழுதித் தள்ளும். இருக்கிற பலவீனம் எல்லாம் அந்த நேரத்தில்தான் வெளியே வரும். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்வரை தெரியாத மூட்டுவலி மாடிப்படி ஏறும்போது தெரிவதில்லையா?

நிற்கும் பிழை, நகரும் பிழை

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வதென்றால் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பைலர் ஒரு கணக்குப்பிள்ளை. அதே ஃபைலை, அதே செட்டிங்கில், அதே கம்பைலரிடம் கொடுத்தால் அது அதே வேலையைத்தான் செய்யும். ஆகவே நம் புரோகிராமில் தவறு இருந்தால் அது பத்து முறையும் அதே ஃபைலில், அதே வரியில் நிற்கும். இது நிற்கும் பிழை. முதல் முறை ஒரு ஃபைலில் விழுந்து, அடுத்த முறை வேறு ஃபைலில் விழுந்து, மூன்றாம் முறை ஒன்றுமே ஆகாமல் முடிந்துவிட்டால் அது நகரும் பிழை. நகரும் பிழை நம் எழுத்தில் இருக்க முடியாது. அது பெரும்பாலும் கூடத்தின் கோணல்தான்.

சோதிக்கும் முறை இதுதான்.

1. உங்கள் புரோகிராமை அதே சிஸ்டத்தில் பத்து முறை முழுசாகக் கம்பைல் செய்யுங்கள். 'பில்ட்' கொடுத்தால் மாறிய ஃபைலை மட்டும் செய்துவிட்டுப் போய்விடும், 'ரீபில்ட்' கொடுங்கள். ஒவ்வொரு முறையும் எங்கே நின்றது என்று பேப்பரில் எழுதுங்கள்.

2. அதே புரோகிராமைப் பென் டிரைவில் எடுத்துப்போய் வேறொரு சிஸ்டத்தில் பத்து முறை.

3. எல்லோருக்கும் ஓடும் எல்.ஈ.டி. பிளிங்க் புரோகிராமைச் சந்தேக சிஸ்டத்தில், அதே போர்டுக்காக, பத்து முறை.

உங்கள் புரோகிராம் இரண்டு சிஸ்டத்திலும் ஒரே இடத்தில் நின்றால், ஆட்டம்தான் கோணல், புரோகிராமைத் திருத்துங்கள். இந்த சிஸ்டத்தில் மட்டும், ஆனால் எப்போதும் ஒரே இடத்தில் நின்றால், கம்பைலர் இன்ஸ்டாலேஷன், டிஸ்க், ஆன்டிவைரஸ் ஆகியவற்றைப் பாருங்கள். இந்த சிஸ்டத்தில் மட்டும், இடம் மாறி மாறி, பிளிங்க் புரோகிராமுக்கும் சேர்த்து விழுந்தால் ஹார்டுவேர்தான்.

எங்கள் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். கெடிலம் ஆற்றில் தண்ணீர் ஏறினால் செல்போனுக்குச் செய்தி அனுப்பும் கருவி ஒன்றை வகுப்புத் தோழி ஒருத்தி பிராஜெக்டாக எடுத்திருந்தார். 2015 வெள்ளத்தைச் சின்ன வயதில் கண்ணால் பார்த்தவர் என்பதால் அந்த பிராஜெக்டில் அவருக்கு அத்தனை பிடிப்பு. அவருக்கு ஒதுக்கிய சிஸ்டம் கம்பைல் பாதியில் விழுந்துகொண்டே இருந்தது. "உன் கோடு சரியில்லம்மா" என்று சொல்லிவிட்டார்கள். மூன்று முறை முழுவதும் திருத்தி எழுதினார். நான்காவது வாரம், "பேசாம பார்க்கிங் லைட் பிராஜெக்ட் ஏதாவது எடுத்துக்கறேன்" என்று சொல்லும் நிலைக்கு வந்துவிட்டார். நானும் இன்னொரு நண்பனும் மேலே சொன்ன முப்பது சோதனையை ஒரு மதியத்தில் செய்து பார்த்தோம். அவருடைய முதல் புரோகிராம் பக்கத்து சிஸ்டத்தில் பத்துக்குப் பத்து! அவர் சிஸ்டத்தில் பிளிங்க் புரோகிராமே நான்கு முறை, நான்கு வெவ்வேறு ஃபைலில் விழுந்தது. அந்தப் பேப்பரைக் காட்டியதும் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. இரண்டு ராம் ஸ்டிக்கில் ஒன்றைக் கழற்றியவுடன் சிஸ்டம் ஒழுங்காகிவிட்டது. அவர் மூன்று வாரம் திருத்தியது, ஆரம்பத்திலிருந்தே சரியாக இருந்த ஒரு புரோகிராமை.

பெரிய இடத்துக் கோணல்கள்

இது நம் ஊர் லேபுக்கு மட்டும் வரும் நோய் என்று நினைக்க வேண்டாம். 1990-களில் லினக்ஸ் கெர்னலைத் தங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் கம்பைல் செய்தவர்களுக்கு 'சிக்னல் 11' என்ற செய்தியோடு ஜிசிசி செத்துப்போவது சகஜமாக இருந்தது. தேடிப்பார்த்தால் பல பேருக்கு ராம் கோளாறு. இன்றைக்கும் சில லினக்ஸ் பதிப்புகளில் ஜிசிசி விழுந்தால் தானே மறுபடி முயன்று பார்க்கும். இரண்டாம் முறை விழவில்லை என்றால், பிழை திரும்ப வரவில்லை, ஹார்டுவேர் அல்லது ஓ.எஸ். கோளாறாக இருக்கலாம் என்று எழுதிக் காட்டும். நாம் மேலே செய்த அதே சோதனைதான்!

2017-இல் ஏ.எம்.டி. வெளியிட்ட முதல் ரைசன் பிராசசர்கள் சிலவற்றில், லினக்ஸில் பல கோர்களில் ஒரே நேரம் கம்பைல் செய்தால் மட்டும் செக்மென்டேஷன் ஃபால்ட் வந்தது. மற்ற வேலையெல்லாம் ஒழுங்காக நடந்தது. அந்த நிறுவனமே பிரச்சினையை ஒப்புக்கொண்டு, பாதிக்கப்பட்டவர்களுக்குச் சிப்பை மாற்றிக் கொடுத்தது. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களிலும் சில, தேவைக்கு மேல் வோல்டேஜ் போனதால் நாளடைவில் நிலை தடுமாறின. விளையாட்டுகளின் ஷேடர் புரோகிராமைக் கம்பைல் செய்யும்போதுதான் பலருக்கு அது முதலில் தெரிந்தது. 2024-இல் இன்டெல் காரணத்தை விளக்கி, திருத்திய மைக்ரோகோடு கொடுத்து, வாரண்டியையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. அவர்கள் கூடமே கோணலாகும் என்றால் நம் பழைய சிஸ்டம் எம்மாத்திரம்?

நம்ம ஊர் உப்புக்காற்று

நான் கடலூர் முதுநகரிலிருந்து தினமும் பஸ்ஸில் சிதம்பரம் வருகிறவன். எங்கள் தெருவில் புது ஜன்னல் கம்பிகூட சீக்கிரமே துருப்பிடித்துவிடும். கம்ப்யூட்டருக்குள் போவதும் அதே காற்றுதான். சாப்பாட்டு உப்பாகிய சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் நீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். ஐப்பசி கார்த்திகையில் அடுக்களை உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். ராம் ஸ்லாட்டில் படிந்த உப்புத் தூசும் அப்படித்தான் கசியும். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும், உலோகத்தை அரிக்கும். வெயில் காலத்தில் ஒழுங்காக ஓடும் சிஸ்டம் மழைக்காலத்தில் மட்டும் தகராறு செய்தால் இந்தச் சந்தேகம் முதலில் வர வேண்டும்.

என்ன செய்யலாம்? காசில்லாத வைத்தியம் முதலில்!

லேப் சிஸ்டம் என்றால் பொறுப்பாளரிடம் கேட்காமல் கழற்றக் கூடாது. சொந்த சிஸ்டத்தில் தாராளமாகச் செய்யலாம். எதைத் தொடுவதற்கு முன்பும் பிராஜெக்ட் ஃபோல்டரைப் பென் டிரைவில் காப்பி எடுத்துவிடுங்கள். விழுந்துகொண்டிருக்கும் டிஸ்க் அடுத்த முறை எழுந்திருக்கும் என்று எந்தச் சோதிடரும் சொல்ல முடியாது.

டிஸ்க்கும் ஃபோல்டரும்: சி டிரைவில் இடம் இருக்கிறதா பாருங்கள். கம்பைலர் தற்காலிக ஃபைல்களை அங்கேதான் எழுதும். பிராஜெக்டைப் பெயருக்குள் பெயராகப் பத்து ஃபோல்டர் ஆழத்தில் வைக்காதீர்கள். விண்டோஸில் பல புரோகிராம்களுக்கு மொத்தப் பாதை 260 எழுத்துக்குள் இருக்க வேண்டும். சி டிரைவிலேயே இடைவெளி இல்லாத சின்னப் பெயரில் வைப்பது உத்தமம். ஆன்டிவைரஸ் கம்பைலரின் ஏதாவது ஒரு ஃபைலைப் பிடித்து அடைத்து வைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பதிவேடு: விண்டோஸின் ஈவன்ட் வியூயரைத் திறந்தால் விழுந்த நேரத்தின் குறிப்பு இருக்கும். 'கெர்னல் பவர் 41' என்றிருந்தால், ஒழுங்காக ஷட்டவுன் ஆகாமல் நின்றது என்று மட்டுமே பொருள், காரணம் சொல்லாது. 'வீயா லாகர்' என்ற பெயரில் எரர் இருந்தால், ஹார்டுவேரே தன் வாயால் புகார் கொடுத்திருக்கிறது என்று அர்த்தம்.

சூடு: கம்பைல் ஆரம்பித்துச் சில நிமிடம் கழித்துத்தான் அணைகிறதா? பக்கவாட்டு மூடியைக் கழற்றி, டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்து மறுபடி ஓட்டுங்கள். பிழைத்துக்கொண்டால் சூடுதான். பெரும்பாலான பிராசசர்கள் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது வேகத்தைக் குறைக்கும். அதற்கும் மேல் போனால் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். ஹீட்சிங்க்கில் அடைத்த தூசியைப் பிரஷ்ஷால் எடுங்கள். காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக வையுங்கள். எங்கள் தெருவில் ஒருவருக்கு மதர்போர்டு மாற்ற ஏழாயிரம் ரூபாய் ஆகும் என்று ஒரு கடையில் சொல்லியிருந்தார்கள். ஹீட்சிங்க் தூசியை எடுத்ததோடு அந்தச் செலவு போயே போச்சு. தினக்கூலி வாங்கும் வீட்டில் ஏழாயிரம் என்பது எத்தனை நாள் சம்பளம் என்று நான் சொல்ல வேண்டுமா?

ராம்: பவர் வயரைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில வினாடி அழுத்திப் பிடித்து மிச்ச கரண்ட்டை இறக்குங்கள். உலோகப் பெட்டியைத் தொட்டு உடம்பின் நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொள்ளுங்கள். ராமைக் கழற்றி, பொன்னிறப் பற்களை மென்மையான ரப்பரால் லேசாகத் துடைத்து, துகளைத் தட்டிவிட்டு அழுத்திப் பொருத்துங்கள். பிறகும் விழுந்தால் ஒவ்வொரு ஸ்டிக்காக மட்டும் போட்டுச் சோதியுங்கள். விண்டோஸிலேயே மெமரி டயக்னாஸ்டிக் இருக்கிறது. பென் டிரைவிலிருந்து பூட் செய்யும் மெம்டெஸ்ட்86 இன்னும் கறாரானது. ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு எரர் வந்தாலும் "ஒண்ணுதானே" என்று விடாதீர்கள்.

எஸ்.எம்.பி.எஸ்.: நாம் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறவர்கள், கையில் மல்டிமீட்டர் இருக்கிறது. நான்கு முனை பவர் கனெக்டரில் கறுப்புக்கும் மஞ்சளுக்கும் இடையே 12 வோல்ட், கறுப்புக்கும் சிவப்புக்கும் இடையே 5 வோல்ட். 5 சதவீதம் ஏற்ற இறக்கம் இருக்கலாம். அதாவது 11.40 முதல் 12.60 வரை, 4.75 முதல் 5.25 வரை. சும்மா இருக்கும்போது அளந்து பயனில்லை. கம்பைல் ஓடும்போது அளக்க வேண்டும். புரோப் முனை நழுவி இரண்டு பின்னைச் சேர்த்துவிடாமல் ஜாக்கிரதை. மதர்போர்டில் கபாசிட்டரின் தலை உப்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஆனால் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் யாரும் திறக்க வேண்டாம். உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் ஏறிய கபாசிட்டர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் சார்ஜோடு இருக்கும்.

ஊர்க் கரண்ட்டும் காரணமாகலாம். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே 'தானே' புயல் கரை கடந்து, மின்கம்பங்களைச் சாய்த்துவிட்டுப் போனதை நம் மாவட்டத்தில் எந்த வீட்டிலும் கேட்கலாம். புயல், மழை நாளில் கரண்ட் போய் வரும்போதெல்லாம் பிளக்கைப் பிடுங்கி வைப்பது நல்லது. சாயங்காலம் மட்டும் சிஸ்டம் விழுகிறதென்றால், சுவர் பிளக்கில் வோல்டேஜையும் ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள்.

போர்டு: கம்பைல் முடிந்து, போர்டுக்கு ஏற்றும்போது விழுகிறதா? அப்படியானால் யூ.எஸ்.பி. டிரைவரையும் உங்கள் சர்க்யூட்டையும் பாருங்கள். சாதாரண யூ.எஸ்.பி. 2.0 முனை கொடுப்பது 500 மில்லி ஆம்பியர். அதிலிருந்தே மோட்டாரும் ரிலேயும் ஓட்டினால் கம்ப்யூட்டர் கோபித்துக்கொள்ளாமல் என்ன செய்யும்? இந்த இடத்தில் பழி நம்முடையதுதான்.

நாளைக்கே ரெக்கார்டு வைக்க வேண்டும், ரிப்பேருக்கு நேரமில்லை என்றால் ஒரு குறுக்கு வழி: கம்பைலரை ஒரே கோரில் ஓடச் செய்யுங்கள். 'மேக்' பயன்படுத்துவோர் 'மைனஸ் ஜே 1' கொடுக்கலாம். நேரம் அதிகம் ஆகும், சூடும் கரண்ட்டும் குறையும். இதில் தப்பித்தாலும் நோய் அப்படியேதான் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள்.

பேரவைக்கு ஒரு வேண்டுகோள்

நம் மாணவர் பேரவை இந்த ஆண்டு ஒரு சிறிய காரியம் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். லேபில் ஒவ்வொரு சிஸ்டத்திலும் நூல் கட்டி ஒரு நோட்டுப் புத்தகம் தொங்கட்டும். சிஸ்டம் விழுந்தால் தேதி, நேரம், எந்த ஃபைலில், எந்த வரியில் நின்றது என்று விழுந்தவர் ஒரு வரி எழுதட்டும். இரண்டே மாதத்தில் எந்த சிஸ்டத்தில் பிழை நிற்கிறது, எதில் நகர்கிறது என்று அந்த நோட்டே சொல்லிவிடும். எந்த ராமை மாற்ற வேண்டும் என்று துறையில் கேட்கவும் கையில் ஆதாரம் இருக்கும்.

முதலாமாண்டுத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. சிஸ்டம் விழுந்ததும் பயந்து, நன்றாக இருக்கும் புரோகிராமை அழித்து எழுத ஆரம்பிக்காதீர்கள். அதே சமயம், பத்து முறையும் 23-ஆம் வரியிலேயே நின்றால் கூடத்தைத் திட்டாதீர்கள். அந்த வரியில் ஒரு செமிகோலன் விட்டுப்போயிருக்கும். 22-ஆம் வரியையும் சேர்த்துப் பாருங்கள்.